ஹாப் நம்முடையது, கியர் வெட்டுவது வெளி ஷாப்: எதையெல்லாம் முன்பே பேசி முடிக்க வேண்டும்?

கேள்வி (கொள்முதல்):
வணக்கம். மாட்யூல் (பல்லின் அளவு) 3, பிரஷர் ஆங்கிள் (பல் பக்கத்தின் சாய்வு) 20 டிகிரி, 40 பல், நேர்ப்பல் கியர், முக அகலம் 30 மிமீ. ஹாப்பிங் (ஹாப் என்ற சுழலும் வெட்டுக்கருவியால் பல் வெட்டுவது), ஹீட் ட்ரீட்மென்ட், அதன்பின் பல் கிரைண்டிங். டிராயிங்கில் உள்ள ரூட் ரேடியஸ் (பல் அடியின் வளைவு) சாதாரண ஹாப்பில் வராது என்பதால் ஹாப்பை நாங்களே வாங்கி இரண்டு ஷாப்புகளுக்குக் கொடுக்கப்போகிறோம். எத்தனை ஹாப் தேவை? சாணை யார் பிடிப்பது? புரொஃபைல் (பல் பக்கத்தின் வடிவம்) தவறினால் யார் பொறுப்பு?

பதில் (ஹாப்பிங் ஷாப்):
ஆர்டர் போடும் முன் இரண்டு ஷாப்பிலும் ஆர்பர் (ஹாப் ஏறும் தண்டு) விட்டம், கீவே (சாவிப் பள்ளம்), மெஷினில் ஏறக்கூடிய அதிகபட்ச ஹாப் விட்டம், நீளம் நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு ஷாப்பில் 27 மிமீ ஆர்பர், இன்னொன்றில் 32 என்றால் ஒரே ஹாப் இரண்டுக்கும் ஆகாது.

கிரைண்டிங் இருப்பதால் புரோட்யூபரன்ஸ் (ஹாப் பல்நுனியில் உள்ள சிறு புடைப்பு) உள்ள ஹாப்தான் வேண்டும்; அது கியர் பல்லின் அடியில் சற்று ஆழமாக வெட்டும். பல்லின் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஸ்டாக் (கிரைண்டிங்குக்கு விடும் கூடுதல் உலோகம்) என்று கிரைண்டிங் செய்பவரிடம் கேட்டபிறகே ஹாப் டிராயிங்கை முடியுங்கள். புரோட்யூபரன்ஸ் ஸ்டாக்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். குறைந்தால் கிரைண்டிங் வீலால் பல்லின் அடியில் படி விழும். விரிசல் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

எண்ணிக்கை: ஷாப்புக்கு இரண்டு, ஒன்று மெஷினில், ஒன்று சாணையில். இருவருக்கும் பொதுவாக உங்கள் கையில் ஒன்று.

பதில் (டூல் ரூம்):
சாணையை ஷாப்பிடம் விடாதீர்கள். ஒரே இடத்தில், சார்ட்டுடன் (அளந்து எடுத்த வரைபடம்) செய்து வாங்குங்கள். ரேக் முகம் (ஹாப் பல்லின் வெட்டும் முன்முகம்) ரேடியலாக, அதாவது மையத்தை நோக்கி, இல்லாவிட்டால் பல்லின் இரு பக்கத்திலும் பிரஷர் ஆங்கிள் மாறும். ஃப்ளூட் (ஹாப் பல் வரிசைகளுக்கு இடையிலுள்ள பள்ளம்) பிரிவு சமமாக இல்லாவிட்டால் புரொஃபைலில் அலை வரும். ஃப்ளூட் லீட் (பள்ளம் நீளவாக்கில் போகும் சாய்வு) தவறினால் ஹாப் கூம்பாகிவிடும், ஷிஃப்ட் (தேயாத பகுதி வெட்டும்படி ஹாப்பை நீளவாக்கில் நகர்த்துவது) செய்யச் செய்ய அளவு நகரும். இந்த மூன்றில் எதையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஃப்ளாங்க் (ஹாப் பல்லின் பக்கம்) தேய்மானம் 0.25 மிமீ தொட்டால் இறக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள். அதைத் தாண்டினால் தேய்மானம் வேகமெடுக்கும். அதன்பின் சாணை பிடிக்கும்போது கூடுதல் உலோகம் போய்விடும். கணக்கைப் பீஸில் வைப்பதைவிட மீட்டரில் வையுங்கள்: 40 பல் × 30 மிமீ = 1.2 மீட்டர், 500 பீஸ் என்றால் 600 மீட்டர். வேறு கியருக்கு அதே ஹாப் போனாலும் கணக்கு நிற்கும். ஷிஃப்ட் நிலையும் ஹாப்புடனே வரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் தேய்ந்த இடத்திலேயே தொடங்குவார்.

பதில் (தர ஆய்வு):
பொறுப்பு பற்றி: ஹாப் போகும்போது சாணை சார்ட்டும் கூடப் போகவேண்டும், ஷாப் பெட்டியைத் திறந்ததும் போட்டோ எடுத்துக் கையெழுத்திட வேண்டும். மெஷினில் ஏற்றியபின் இரண்டு ஹப் வளையத்திலும் (ஹாப்பின் இரு முனையிலும் உள்ள வளையம்) ரன்அவுட் (சுழலும்போது வரும் ஆட்டம்) பார்த்து எழுதட்டும், 0.01 மிமீக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு சாணைக்குப் பிறகும் முதல் பீஸின் புரொஃபைல், லீட் (பல்லின் நீளவாக்குப் போக்கு) சார்ட் உங்களுக்கு வந்தபிறகே லாட் ஓடவேண்டும். சார்ட் சரி, ரன்அவுட் சரி, ஆனாலும் புரொஃபைல் தவறு என்றால் அது உங்கள் ஹாப். ரன்அவுட் எழுதாமல் ஓட்டியிருந்தால் ஷாப் பொறுப்பு. சாதாரணத் தேய்மானம் உங்கள் செலவு. மோதி உடைந்தால் அவர்கள் செலவு.

டூல் எண்ணை ஹப்பின் பக்க முகத்தில் போடலாம், ரன்அவுட் பார்க்கும் வளையத்தில் வேண்டாம்.

கேள்வி (கொள்முதல்):
நன்றி. உள்பல் கியருக்கு ஷேப்பர் கட்டரும் (முன்னும் பின்னும் போய்ப் பல் வெட்டும், கியர் வடிவக் கருவி) அனுப்பவேண்டும். இதே முறை போதுமா?

பதில் (டூல் ரூம்):
போதாது. முன்முகத்தைச் சாணை பிடிக்கும்போதெல்லாம் கட்டர் விட்டம் குறையும். மெஷினில் சென்டர் தூரத்தை மாற்றவேண்டும், வெட்டும் ரூட் வடிவமும் கொஞ்சம் மாறும். கட்டர் செய்தவரிடம் கடைசிச் சாணை வரம்பைக் கேட்டு, அதைக் கட்டர் மேலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அன்றைய விட்டத்தைச் சலானில் எழுதுங்கள்.