பேன் காற்றில் சாயும் காகித கோப்ளின்கள்: ஒட்டுவதும் வெட்டுவதும் எடை வைப்பதும்

கேள்வி கேட்பவர்: தாயக்கட்டை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசைமேல் கட்டம் போட்ட படத்தில் உருவங்களை நகர்த்தி ஆடும் கற்பனைக் கதை ஆட்டம்) ஐந்தாம் பதிப்புக்கு 40 கோப்ளின், 2 ஓகர், வளர்ந்த டிராகன் ஒன்று என அரக்க உருவங்கள் தேவைப்படுகின்றன. அத்தனையும் பிளாஸ்டிக்கில் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால், அச்சடித்து வெட்டும் காகித உருவங்களின் பிடிஎஃப் வாங்கி முதல் தாளை அச்சடித்து முடித்திருக்கிறேன்.

செய்த விதம்: 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கன அளவு) மேட் போட்டோ பேப்பர், இங்க்ஜெட் பிரிண்டர். உருவத்தைச் சுற்றி வெட்டி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பெவிகால் போட்டு ஒட்டினேன். அடியில் ஒட்டுவதற்காக நீட்டிவிட்ட இரண்டு தாள் காதுகளை முன்னும் பின்னுமாக மடித்து ஒரு அங்குலச் சதுர அட்டைமேல் ஒட்டினேன்.

இப்போது இருக்கும் கோளாறுகள்:

ஓரத்தில் ஒரு பக்கப் படம் 1 மி.மீ. விலகி வெள்ளை தெரிகிறது. காய்ந்தபின் உருவம் வில்லாக வளைகிறது. மேலே பேன் ஓடினால் வரிசையாகச் சாய்கின்றன. பிடிஎஃப்பில் ஒரு அங்குலம் என்று போட்டிருக்கும் கட்டம் அளந்தால் 24.5 மி.மீ.தான் வருகிறது.

எதை மாற்ற வேண்டும்?

பதில்: கத்தரிமுனை

விலகலுக்குக் காரணம் வேலையின் வரிசை. வெட்டிவிட்டு ஒட்டியிருக்கிறீர்கள், ஒட்டிவிட்டு வெட்டுங்கள். முன்படத்துக்கும் பின்படத்துக்கும் நடுவே, தலைக்கு மேல் இருக்கும் மடிப்புக் கோட்டை உருவத்தோடு சேர்க்காதீர்கள். இரண்டு படமும் நேருக்கு நேர் வந்து உட்காருவதற்காக வைத்த கீல் அது. காய்ந்ததும் அதைக் கத்தரித்துப் போடப் போகிறோம், எனவே மடித்த இடத்தில் மை வெடித்தாலும் பரவாயில்லை.

தாளை முதலில் பட்டை பட்டையாக மட்டும் வெட்டுங்கள். மடிப்புக் கோட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு முறை அழுத்திக் கீறுங்கள். பிளேடால் கீறினால் பாதி ஆழத்துக்குப் போய், மடிக்கும்போது கீல் அறுந்துவிடும், படம் நகரும். மடித்ததும் ஒட்டாமல் ஜன்னல் வெளிச்சத்திலோ போன் டார்ச்சிலோ பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கத்துக் கறுப்புக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் பசை போடுவதற்கு முன்பே திருத்தி மடித்துக்கொள்ளலாம்.

வளைவதற்குக் காரணம் தாளும் பசையும் சேர்ந்த கூட்டு. போட்டோ பேப்பருக்கு ஒரு பக்கம் பூச்சு இருக்கிறது, மறுபக்கம் இல்லை. பெவிகாலில் உள்ள தண்ணீரைப் பூச்சில்லாத பக்கம் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும். பூச்சுள்ள பக்கம் அதனோடு சேர்ந்து நகராது. ஒரு பாதியில் பசை கொஞ்சம் அதிகமாக விழுந்தால் போதும், அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். பெவிஸ்டிக் மாதிரி குச்சிப் பசையில் தண்ணீர் குறைவு, சின்ன உருவங்களுக்கு அதுவே போதும். பெவிகால்தான் என்றால் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் வெண்மை தெரியாத அளவுக்கு வழித்துவிடுங்கள். ஒரு பாதியில் மட்டும் பூசுங்கள், காதுகளில் படவே கூடாது. ஒட்டியதை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் எடுத்துப் பார்ப்பதுதான் பல உருவங்களைக் கெடுக்கிறது.

தாளை 200 முதல் 220 ஜிஎஸ்எம் பூச்சில்லாத அட்டைக்கு மாற்றிவிடுங்கள். பின்பக்கமாகத் தாள் செருகும் பிரிண்டர்கள் பெரும்பாலும் இதை இழுத்துக்கொள்ளும். முன்தட்டிலிருந்து தாளை வளைத்துத் திருப்பும் பிரிண்டரில் சிக்கலாம். அதற்கு 160 வரை போங்கள்.

இன்னொன்று, தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. ஒரு தாளை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எதிர்ப்பு அதிகமோ அதுதான் நார் ஓடும் திசை. உருவத்தின் காலிலிருந்து தலைவரை நார் ஓடினால் நிமிர்ந்து நிற்கும், குறுக்கே ஓடினால் கும்பிடு போடும்.

வெட்டும்போது சுற்றிலும் ஒரு மி.மீ. கறுப்பு ஓரம் விடுங்கள். ஈட்டி, வில், வால் போன்றவற்றை முழுசாகப் பிரித்து வெட்டாதீர்கள். உடலோடு சேர்த்து இடையில் இருக்கும் தாளை அப்படியே விட்டுவிடுவது நல்லது. மூன்றாவது ஆட்டத்தில் ஒடிவது எப்போதும் ஈட்டிமுனைதான்.

24.5 விஷயம்: அந்த பிடிஎஃப் அமெரிக்க லெட்டர் தாள் அளவுக்குச் செய்தது. லெட்டர் அகலம் 216 மி.மீ., ஏ4 அகலம் 210. பிரிண்ட் பெட்டியில் "ஃபிட்" என்று இருந்தால் படத்தைச் சுருக்கித்தான் உள்ளே அடைக்கும். "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் தேர்ந்தெடுங்கள். உருவங்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஆனால் உருவங்கள் நிற்கும் கட்டம் போட்ட தரைப்படத் தாள்களை அதே அமைப்பில் அடித்தால் 20 கட்டத்துக்கு 18 மி.மீ. குறையும், பக்கத்துத் தாளோடு சேராது.

பதில்: ஆறுமுகப்பகடை

சாய்வதைப் பற்றி மட்டும் சொல்றேன். 200 ஜிஎஸ்எம் அட்டையை ரெண்டு மடிப்பா ஒட்டின கோப்ளின் மொத்தமே கால், அரை கிராம்தான் இருக்கும். கீழே இன்னொரு அட்டைத் துண்டு ஒட்டி என்ன ஆகப்போகுது? எடை வேணும்.

ஹார்டுவேர் கடையில எம்12 வாஷர் கேளுங்க. வெளி விட்டம் 24 மி.மீ., ஓட்டை 13, தடிமன் இரண்டரை, ஒண்ணு ஏறக்குறைய 6 கிராம். ஒரு அங்குலக் கட்டத்துக்குள்ள அளவெடுத்த மாதிரி உட்காரும்.

ஒட்டுற முறை முக்கியம். 24 மி.மீ. வட்டமா ஒரு அட்டை வெட்டி, நடுவுல 15 மி.மீ. பிளவு போடுங்க. உருவத்தோட காது ரெண்டையும் அந்தப் பிளவு வழியா கீழே இறக்கி, ஒண்ணை முன்னாடியும் ஒண்ணைப் பின்னாடியும் மடிச்சு ஒட்டுங்க. அப்புறம் வாஷர் மேல வைங்க. காது 5 மி.மீ. நீளம்னா வாஷர் ஓட்டைக்குள்ளேயே முடிஞ்சிடும், பிடிப்பு கிடைக்காது. 9 மி.மீ. இருந்தா உலோகம் மேல ஏறி உட்காரும். பிடிஎஃப்ல காது சின்னதா இருந்தா வெட்டும்போதே கீழே கூடுதலா வெள்ளைத்தாள் விட்டுக்கோங்க.

பெவிகால் இரும்புல நிக்காது, உரிஞ்சு வரும். பெவிபாண்ட் மாதிரி ரப்பர் பசைதான் சரி. அதுக்கு முன்னாடி வாஷரை ஸ்பிரிட் போட்டுத் துடைங்க, கடையிலேர்ந்து வர்றது எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கும். ஸ்டெயின்லெஸ் வேண்டாம், சாதா ஜிங்க் பூசின இரும்பு வாங்குங்க. டப்பாவுக்குள்ள காந்த ஷீட் விரிச்சா 40 கோப்ளினும் நின்னபடியே இருக்கும். ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் காந்தத்துல ஒட்டாது.

பதில்: மட்டைக்குதிரை

அவசரத்துக்கு வாஷர்கூட வேண்டியதில்லை. 19 மி.மீ. பைண்டர் கிளிப்பில் உருவத்தின் அடியைக் கவ்வவிட்டு, இரண்டு கம்பிப் பிடிகளையும் அழுத்திக் கழற்றிவிட்டால் முக்கோண அடித்தளம் கிடைக்கும். ஆட்டம் முடிந்ததும் உருவங்களை உருவிப் போட்டோ ஆல்பத்தில் தட்டையாக வைக்கலாம். சில தாள்களை முழுவதுமாக லேமினேட் செய்துவிட்டால் ஈரமும் தாங்கும்.

பதில்: கத்தரிமுனை

கிளிப் நல்ல யோசனை. லேமினேஷனை ஏற்க முடியவில்லை. பிளாஸ்டிக் உறையின் பிடி இருப்பதே ஓரத்து விளிம்பில்தான். உருவத்தைச் சுற்றி ஒட்ட வெட்டினால் அந்த விளிம்பு போய்விடும், சில நாளில் பிரியும். காதுகளில் பெவிகால் பிடிக்காது. விளக்கு வெளிச்சத்தில் பளபளத்து முகமும் தெரியாது. அதற்குப் பதில் மேட் அக்ரிலிக் ஸ்பிரேயை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து இரண்டு மெல்லிய கோட் அடியுங்கள். தூரிகையால் பூசும் வார்னிஷ் இங்க்ஜெட் மையைக் கரைத்து இழுத்துவிடும்.

ஸ்பிரே காய்ந்த பிறகு, வெட்டிய இடத்தில் தெரியும் வெள்ளை விளிம்புக்குக் கறுப்பு மார்க்கர். நுனியால் கோடு போடாமல், முனையின் பக்கவாட்டை விளிம்போடு ஒட்டித் தேய்த்துக்கொண்டே போங்கள். ஸ்பிரே இல்லாமல் செய்தால் மை படத்துக்குள் ஊறும். இந்த ஒரு வேலை உருவத்தின் தோற்றத்தை மாற்றும் அளவுக்கு வேறு எதுவும் மாற்றுவதில்லை.

தாயக்கட்டை

வாஷர், தாள் இரண்டையும் மாற்றுகிறேன். இன்னும் இரண்டு. ஓகருக்கும் டிராகனுக்கும் இதே அட்டை தாங்குமா? நானே வரைந்த உருவத்துக்குப் பின்பக்கம் செய்ய, படத்தை 180 டிகிரி சுற்றி மேலே வைத்தேன். மடித்தால் வாள் ஒரு பக்கம், அதன் நிழலுருவம் மறுபக்கம் வருகிறது.

பதில்: கத்தரிமுனை

சுற்றக் கூடாது, கவிழ்க்க வேண்டும். மென்பொருளில் "ஃபிளிப் வெர்டிகல்" கொடுங்கள். மடிப்புக் கோட்டில் ஒரு கண்ணாடி வைத்தால் கோப்ளின் எப்படித் தெரியுமோ, அப்படி இருக்க வேண்டும் மேல் படம். அதன்பின் அந்த வெளிக்கோட்டுக்குள் முதுகு, தோள்பை, தலைமுடியை வரையுங்கள்.

ஆட்டத்தின் அளவு வகைகளில் ஓகர் லார்ஜ், 2 அங்குல அடித்தளம். வளர்ந்த டிராகன் ஹியூஜ், 3 அங்குலம். 6 செ.மீ. உயரத்துக்கு மேல் போனால் இரண்டு அடுக்கு போதாது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் 1 மி.மீ. பைண்டிங் அட்டையை வைத்து ஒட்டுங்கள். தடிமனால் மடிப்பு விலகும், ஆகவே பெரிய உருவத்தில் மட்டும் கோட்டிலேயே இரண்டாக வெட்டி, நான்கு மூலைகளில் குண்டூசியால் குத்தி, துளைக்குத் துளை பொருத்தி ஒட்டலாம். மூலைகள் எப்படியும் வெட்டுப்பட்டுப் போகும், துளை மிஞ்சாது.

பதில்: ஆறுமுகப்பகடை

40 கோப்ளினும் ஒரே மூஞ்சியா இருந்தா யாருக்கு எவ்வளவு அடி பட்டிருக்குன்னு ஆட்டத்தை நடத்துறவருக்குக் குழம்பும். வட்ட அட்டையோட முன்பக்கமும் பின்பக்கமும் 1 முதல் 8 வரை எண் போட்டு, எட்டு எட்டா ஐந்து நிறத்துல விளிம்பு தீட்டுங்க. ஒட்டுறதுக்கு முன்னாடியே எழுதிடணும், உருவம் நின்ன பிறகு பேனா உள்ளே நுழையாது.