பருவத்தின் முதல் ஆட்டங்களில் அணிகளை எடைபோட்ட அனுபவங்கள்

கல்லடியிலிருந்து

2021 ஓகஸ்ட் 14 அதிகாலை பன்னிரண்டரை மணிக்கு, நானும் அக்காவின் மகனும் ஒரு கைப்பேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் பிரிமியர் லீக் உதைபந்தாட்டத்தில் பிரென்ட்போர்ட், ஆர்சனல் அணிகள் மோதிய ஆட்டத்தைப் பார்த்தோம். 74 ஆண்டுகளுக்குப் பின் முதற்தரப் பிரிவுக்குத் திரும்பிய பிரென்ட்போர்ட் அன்று இரண்டு கோல்களால் வென்றது. நான் ஆர்சனல் பக்கம்; மருமகனோ, அப்போது டொட்டன்ஹாமில் விளையாடிய சொன் ஹியுங் மின் மீது கொண்ட பிரியத்தால் அந்த அணியின் பக்கம். அந்தப் பருவம் தொடங்கியபோது ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளின் பலத்தையும் பலவீனத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதுவதென்று இருவரும் தீர்மானித்திருந்தோம். 20ஆம் திகதி இரவு இலங்கை முழுவதும் கொவிட் ஊரடங்கு வந்துவிட்டதால், அந்தக் கொப்பிக்குக் கொடுப்பதற்கு எங்களிடம் நேரமும் நிறைய இருந்தது.

மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது டொட்டன்ஹாம் ஒன்பது புள்ளிகளோடு பட்டியலின் உச்சியில் இருந்தது. ஆர்சனல் ஒரு கோலும் அடிக்காமல், ஒன்பது கோல்களை வாங்கி, இருபதாவது இடத்தில் கிடந்தது. பிரென்ட்போர்டுக்குப் பின் செல்சியிடம் இரண்டு கோல்கள், மன்செஸ்டர் சிற்றியிடம் ஐந்து கோல்கள். சிற்றியுடனான ஆட்டத்தில் ஆர்சனலின் ஷாக்கா முதற்பாதியிலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறியபோது, பலம் என்ற பக்கத்தில் எழுதுவதற்கு எனக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை. மருமகனோ டொட்டன்ஹாமின் பக்கத்தில் 'பின்களம் உறுதி' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டான். மூன்று ஆட்டங்களையும் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்ற அணியைப் பற்றி வேறு எதை எழுதுவது என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் இருவருமே தவறாக வாசித்திருந்தோம். எப்படித் தவறினோம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுப் பருவம் தேவைப்பட்டது. ஆர்சனல் தோற்ற மூன்று அணிகளில் ஒன்று அந்த மே மாதம் ஐரோப்பிய சம்பியன் ஆகியிருந்த செல்சி. மற்றொன்று நடப்பு லீக் சம்பியன். அதைவிட முக்கியமானது, அந்த மூன்று ஆட்டங்களில் இறங்கியது ஆர்சனலின் உண்மையான பின்வரிசையே அல்ல. டொமியாசு ஓகஸ்ட் 31ஆம் திகதி, வீரர்களை வாங்கும் காலம் முடியும் நாளில்தான் வந்து சேர்ந்தார். கப்ரியேல் காயத்தில் இருந்தார். செப்டெம்பர் 11 நோர்விச்சுடனான ஆட்டத்தில்தான் கோல் காப்பாளர் ராம்ஸ்டேலும், டொமியாசு, வைட், கப்ரியேல், டியெர்னி ஆகிய நால்வரும் முதன்முறையாக ஒன்றாக இறங்கினார்கள். அந்த ஆட்டத்தையும் அடுத்து பேர்ன்லியுடனான ஆட்டத்தையும் ஒவ்வொரு கோலால் வென்றார்கள்.

டொட்டன்ஹாமின் மூன்று வெற்றிகளையும் கோல்கள் பிறந்த விதத்தைக் கொண்டு பார்த்திருந்தால் எங்களுக்கு அப்போதே ஐயம் வந்திருக்க வேண்டும். ஒன்று சொன் வெட்டி உள்ளே வந்து அடித்தது. ஒன்று தண்ட உதை. மூன்றாவது, யார் மீதும் படாமல் நேரே வலைக்குள் போன சொன்னின் சுயாதீன உதை. கட்டியெழுப்பிய தாக்குதல் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. வேறு கழகத்துக்குப் போகும் பேச்சில் கோடையைக் கழித்த அணியின் முன்கள வீரர் ஹரி கேன், ஒக்டோபர் 17 வரை லீக்கில் கோல் அடிக்கவில்லை. கிறிஸ்டல் பலஸிடமும் செல்சியிடமும் மூன்று மூன்று கோல்களை வாங்கித் தோற்று, செப்டெம்பர் 26 அன்று ஆர்சனலிடம் முதற்பாதியிலேயே மூன்று கோல்களை வாங்கியபோது மருமகன் அடிக்கோடிட்ட அந்த வரியை அவனே வெட்டினான். நவம்பர் 1ஆம் திகதி பயிற்றுவிப்பாளர் நூனோ நீக்கப்பட்டார்.

பருவம் முடிந்தபோது டொட்டன்ஹாம் 71 புள்ளிகளுடன் நான்காவது. ஆர்சனல் 69 புள்ளிகளுடன் ஐந்தாவது. மூன்று ஆட்டங்களுக்குப் பின் ஒன்பது புள்ளிகளாக இருந்த இடைவெளி, 38 ஆட்டங்களுக்குப் பின் இரண்டு புள்ளிகள். இதைப்போல முதல் மாதத்தில் ஓர் அணியை எடைபோட்டு, பின்னர் அந்தக் கணிப்பு சரியாகவோ பிழையாகவோ போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

மருதமுனையிலிருந்து

கல்லடிச் சகோதரர் எழுதியதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. தொடக்க ஆட்டங்கள் பொய் சொல்வதில்லை. பலவீனத்தை அவை மிகவும் நேர்மையாகவே காட்டுகின்றன. நாம் பிழைவிடுவது, அந்தப் பலவீனம் திருத்தப்படக்கூடியதா என்ற கேள்வியைக் கேட்காமல் விடுவதில்தான்.

2015இல் என் காக்காவின் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் சனிக்கிழமை இரவுகளில் ஏழரை மணி ஆட்டங்களைப் பார்க்க ஐந்தாறு பேர் கூடுவோம். லெஸ்டர் சிற்றியை நாங்கள் முதலில் பார்த்ததே, அந்த ஆட்டங்களில் கோல்கள் நிறைய விழும் என்பதற்காகத்தான். சண்டர்லாந்தை 4-2 என்று வென்றார்கள். அஸ்டன் வில்லாவிடம் இரண்டு கோல்கள் பின்னால் இருந்து 3-2 என்று வென்றார்கள். ஸ்டோக்கிடமும் சவுத்ஹம்டனிடமும் இரண்டு கோல்கள் பின்தங்கி, இரண்டு ஆட்டங்களையும் 2-2 என்று சமப்படுத்தினார்கள். ஆர்சனலிடம் சொந்த மைதானத்தில் ஐந்து கோல்களை வாங்கினார்கள். முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றிலேனும் கோல் வாங்காமல் வெளியேறவில்லை. மொத்தம் 17 கோல்கள். இந்தப் பின்களத்தோடு இவர்கள் நத்தார் வரையும் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று காக்கா சொன்னார். அறையில் இருந்த எவரும் மறுக்கவில்லை.

பயிற்றுவிப்பாளர் ரனியேரி ஆர்சனலிடம் கண்ட தோல்விக்குப் பிறகு இரு பக்கப் பின்கள வீரர்களையும் மாற்றினார். முன்னேறி ஓடும் இயல்புள்ள டி லெட், ஷ்லப் ஆகியோருக்குப் பதிலாக, இடத்தை விட்டு அதிகம் நகராத சிம்சனும் ஃபுக்ஸும் வந்தார்கள். கோல் வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாக வீரர்களிடம் அவர் சொல்லியிருந்தது அப்போது பத்திரிகைகளில் வந்தது. ஒக்டோபர் 24 அன்று கிறிஸ்டல் பலஸை ஒரு கோலால் வென்று அதைச் சாப்பிட்டார்கள். எஞ்சிய 29 ஆட்டங்களில் அவர்கள் வாங்கியது 19 கோல்கள் மாத்திரம். ஆர்சனலைவிடப் பத்துப் புள்ளிகள் கூடுதலாக, 81 புள்ளிகளோடு கிண்ணத்தை எடுத்தார்கள்.

அவர்களின் பலமும் ஓகஸ்டிலேயே தெரிந்திருந்தது. பந்தைப் பறித்த கணத்தில் மஹ்ரெஸும் வார்டியும் ஓடிய ஓட்டத்துக்கு அந்த லீக்கில் எவரிடமும் பதில் இல்லை. அது புதிதாகப் பிறந்ததும் அல்ல. முந்தைய பருவத்தில் நத்தார் வேளையில் கடைசி இடத்தில் இருந்த அதே அணி, இறுதி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று பதினான்காவது இடத்தில் முடித்திருந்தது. ஓகஸ்டில் ஓர் அணியை எடைபோடுகிறவர் முந்தைய ஏப்ரலையும் மே மாதத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து நான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

களுவாஞ்சிகுடியிலிருந்து

நான் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. மூன்று ஆட்டங்கள் என்பது 38இல் எட்டு வீதத்துக்கும் குறைவு. அத்தனை சிறிய மாதிரியிலிருந்து பெறும் சராசரியை நான் மாணவர்களுக்கு ஏற்றுக்கொள்ளக் கற்பிப்பதில்லை. ஆனால் சராசரிக்குள் அடங்காத ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

2016 செப்டெம்பர் 24 இரவு பத்து மணிக்கு ஆர்சனல், செல்சி அணிகளின் ஆட்டத்தை என் தம்பியுடன் பார்த்தேன். முதற்பாதி முடியும்போது ஆர்சனல் 3-0 என்று முன்னணியில் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் லிவர்பூலிடமும் தோற்றிருந்த செல்சி, மெதுவான, வயதான பின்களம் கொண்ட அணியாகத் தெரிந்தது. தம்பி செல்சி ஆதரவாளன். மறுநாள் காலை வரை எவரோடும் பேசவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியிலேயே செல்சியின் பயிற்றுவிப்பாளர் கொன்டே மூன்று மத்திய பின்கள வீரர்களைக் கொண்ட அமைப்புக்கு மாறிவிட்டார். அடுத்த ஆட்டம் முதல் அதையே நிலையாக வைத்து, தொடர்ச்சியாக 13 லீக் ஆட்டங்களை வென்றார். அவற்றில் முதல் ஆறில் ஒரு கோலும் வாங்கவில்லை. 30 வெற்றிகளும் 93 புள்ளிகளும் பெற்றுச் சம்பியன் ஆனார்கள்.

அந்த மாற்றத்துக்கான வீரர்கள் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. அலொன்சோவும் டேவிட் லூயிஸும் ஓகஸ்ட் கடைசி நாளில் வாங்கப்பட்டிருந்தார்கள். மோசஸ் எத்தனையோ ஆண்டுகளாக வேறு கழகங்களுக்கு இரவல் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தவர். வலப்பக்க ஓரம் முழுவதையும் தனியாகச் சுமக்க அவரால் முடியும் என்று யார் நினைத்தார்கள்? இன்னொரு காரணமும் உண்டு. முந்தைய பருவத்தில் பத்தாவது இடத்தில் முடித்திருந்ததால் செல்சிக்கு அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டிகள் இருக்கவில்லை. மற்ற பெரிய அணிகள் வார நடுவில் வேறு நாடுகளுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, கொன்டே தன் வீரர்களுக்குப் புதிய அமைப்பை மைதானத்தில் நின்று கற்பித்துக்கொண்டிருந்தார். கால அட்டவணையை ஓர் அணியின் பலமாக எவரும் எழுதுவதில்லை. நான் இப்போது முதல் வரியாக எழுதுகிறேன்.

கல்லடி அண்ணனிடம் ஒரு கேள்வி: 2021-22இல் ஆர்சனலுக்கும் ஐரோப்பியப் போட்டிகள் இருக்கவில்லை. அது உங்கள் கொப்பியில் எந்தப் பக்கத்தில் இருந்தது?

காரைதீவிலிருந்து

சுருக்கமாக ஒன்று. 2023 நவம்பர் 7 அதிகாலை ஒன்றரை மணி; வெளியே வாடை மழை. முதல் பத்து ஆட்டங்களில் தோல்வியே காணாமல் 26 புள்ளிகள் எடுத்திருந்த டொட்டன்ஹாம், செல்சியைச் சந்தித்தது. டொட்டன்ஹாமின் ரொமேரோவும் உடோகியும் சிவப்பு அட்டை பெற்றார்கள். வான் டி வென்னும் மடிசனும் காயத்தோடு வெளியேறினார்கள். ஒன்பது பேரோடும் பின்வரிசையை மைதானத்தின் நடுக்கோடு வரை நிறுத்தி விளையாடிய அந்தத் துணிச்சலை நான் இன்றும் மதிக்கிறேன். முடிவு செல்சிக்கு 4-1. அடுத்த நான்கு ஆட்டங்களில் கிடைத்தது ஒரேயொரு புள்ளி. பத்து ஆட்டங்களிலும் நாங்கள் முதல் பதினொருவரைத்தான் எடைபோட்டிருந்தோம். வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களை எவரும் எடைபோடவில்லை.

எங்கள் ஊர்ப் பையன்களைப் பயிற்றுவிக்கும்போதும் இதையே கண்டேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில், காய்ந்து இறுகிய மைதானத்தில், இரண்டு ஓரங்களிலும் ஓடும் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு நாங்கள் தொடர்ந்து வென்றோம். ஒக்டோபர் மழைக்குப் பிறகு பந்து தண்ணீரில் நின்றுவிட்டது. ஓட்டம் பயனற்றுப் போனது. பந்தைத் தூக்கி அடித்து, உயரத்தில் மோதி எடுக்கக்கூடிய ஒருவரும் எங்களிடம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குறை ஜூலையிலும் இருந்தது. அதைக் கேட்கும் மைதானம் அப்போது அமையவில்லை.

மீண்டும் கல்லடியிலிருந்து

களுவாஞ்சிகுடி ஆசிரியையின் கேள்விக்காகக் கொப்பியைத் தேடி எடுத்தேன். ஐரோப்பியப் போட்டிகள் இல்லாததை 'அனுபவக் குறைவு' என்று பலவீனப் பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். அது பிழை. கால் நூற்றாண்டுக்குப் பின் முதன்முறையாக ஐரோப்பா இல்லாத அந்தப் பருவத்தில், அதே பதினொருவரை வாரத்துக்கு ஒரு முறை இறக்க முடிந்ததால்தான் ஆர்சனல் இருபதாவது இடத்திலிருந்து மேலே வந்தது.

காரைதீவு நண்பர் சொன்னது இன்னும் ஆழமாகத் தைத்தது. செப்டெம்பர் கடைசியில், டொட்டன்ஹாமை நாங்கள் 3-1 என்று வென்ற ஆட்டத்தின் கீழே, ஆர்சனலின் பலவீனப் பக்கத்தில் மருமகனின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'டியெர்னி, பார்ட்டே காயப்பட்டால் யார்?' தோற்றவனின் பொறாமை என்று நினைத்து அதன் மேல் நான் கோடு கிழித்திருக்கிறேன். ஜனவரி வீரர் மாற்றக் காலத்தின் முடிவில் முன்கள வீரர் ஒபாமெயாங் பார்சலோனாவுக்குப் போனபோது அவரிடத்துக்கு எவரும் வாங்கப்படவில்லை. அதே காலத்தில் டொட்டன்ஹாம் பென்டான்கூரையும் குலுசெவ்ஸ்கியையும் கொண்டுவந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் டியெர்னியும் பார்ட்டேயும் ஒருவர் பின் ஒருவராகக் காயத்தில் வீழ்ந்தார்கள். ஆர்சனல் கிறிஸ்டல் பலஸ், பிரைட்டன், சவுத்ஹம்டன் ஆகிய மூன்று அணிகளிடமும் தொடர்ச்சியாகத் தோற்றது.

மே 12ஆம் திகதி டொட்டன்ஹாமிடம் 3-0 என்று தோற்ற ஆட்டம், மின்வெட்டும் ஊரடங்கும் ஒருசேர இருந்த நாட்களில், இங்கே நள்ளிரவு கடந்து நடந்தது. நான்கு நாட்கள் கழித்து நியூகாசிலிடமும் தோற்றபோது நான்காவது இடம் கைநழுவிப்போனது. மருமகன் அந்த வரியை எனக்குக் காட்டவில்லை. இன்று உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டுக் கொப்பியைத் திறந்தபோதுதான், நான் கிழித்த கோட்டின் அடியில் அதை மீண்டும் வாசித்தேன்.