ரிப்பன் மாளிகை வளாகத்தில் புதிய மாமன்றக் கூடம்: வேண்டுமா, வேண்டாமா?

பெரியமேட்டுக்காரன்:
சென்னை மாநகராட்சி தன் தலைமையகமான ரிப்பன் மாளிகை வளாகத்துக்குள்ளேயே, கவுன்சிலர்கள் கூடுவதற்குப் புதிதாக ஒரு மாமன்றக் கூடம் கட்டத் திட்டமிட்டிருக்கிறது. பாரம்பரியக் கட்டட ஆர்வலர்கள் பலருக்கு இதில் வருத்தம். நான் இதை ஆதரிக்கிறேன்.

1913இல் அந்த மாளிகை திறக்கப்பட்டபோது மன்றத்தில் ஐம்பது பேர்கூட இல்லை. 2011இல் எல்லையை விரித்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது, 155 வார்டுகள் 200 ஆயின. இருநூறு கவுன்சிலர்கள், மேயர், ஆணையர், துறை அதிகாரிகள், நிருபர்கள் எல்லோருக்கும் அதே பழைய கூடம். திருவொற்றியூரிலிருந்தோ சோழிங்கநல்லூரிலிருந்தோ வரி கட்டுகிற ஒருவர், தன் கவுன்சிலர் என்ன பேசுகிறார் என்று நேரில் பார்க்க வந்தால் அவருக்கு மிஞ்சுவது எவ்வளவு இடம்? ஜனநாயகத்துக்கு இடம் தேவை. கட்டட அழகுக்காக அதை மறுக்கக் கூடாது.

சுண்ணாம்புச்சாந்து:
"இடம் போதவில்லை" என்ற ஒரே வாதத்தில்தான் அந்தப் பகுதி முழுவதும் கரைந்திருக்கிறது, நண்பரே. டிரெவிலியன் ஆளுநராக இருந்த காலத்தில் அங்கே உருவானது பீப்பிள்ஸ் பார்க், நூறு ஏக்கருக்கும் மேல். அதை வெட்டித்தான் விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ஸ்டேடியம் எல்லாம் வந்தன. கடைசியில் பூங்கா என்று சொல்ல மிஞ்சியது மை லேடீஸ் பூங்கா மாதிரி சில துண்டுகள்தான்.

மூர் மார்க்கெட்டும் மாநகராட்சி கட்டியதுதான். 1985இல் தீயில் எரிந்தது, அந்த இடத்தை ரயில்வே எடுத்துக்கொண்டது. நகரத்துக்குச் சொந்தமான கட்டடம் என்பதால் அது பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றே போய்விட்டது.

இப்போது ரிப்பனுக்குப் பின்னால் அம்மா மாளிகை நிற்கிறது. அதுவும் "நிர்வாகத்துக்கு இடம் இல்லை" என்று வந்த கட்டடம்தான். அப்புறம் இன்னொன்று, அதற்கு அப்புறம் இன்னொன்று. முடிவு எங்கே? கூட்டம் நடத்த வேறு இடத்தில் மனை பாருங்கள்.

பெரியமேட்டுக்காரன்:
வேறு இடம் என்றால் எங்கே சார்? சென்ட்ரல் எதிரே மெட்ரோ, புறநகர் ரயில், பஸ் எல்லாம் சேருகிற இடம் இது. வட சென்னைக்காரரும் தென் சென்னைக்காரரும் ஒரே பயணத்தில் வந்து சேரலாம். மன்றத்தைக் கொண்டுபோய் தெற்கே ஓ.எம்.ஆர். சாலையில் வைத்தால் வடக்கே இருக்கும் ராயபுரத்துக்காரர் என்ன செய்வார்?

பழைய கட்டடத்தை ஒட்டிப் புதியது கட்டவே கூடாது என்று உலகில் எங்கும் சட்டம் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் பொது நூலகமும் நகரத்தின் சொத்துதான். 1895இல் மெக்கிம் கட்டியது. 1972இல் ஃபிலிப் ஜான்சன் என்ற கட்டடக் கலைஞர் பக்கத்திலேயே பெரிய கட்டடம் சேர்த்தார். நூலகம் இன்றும் நூலகமாகவே இருக்கிறது.

சுண்ணாம்புச்சாந்து:
நல்ல உதாரணம்தான். ஆனால் ஜான்சன் எப்படிக் கட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய கட்டடத்தின் கூரைவிளிம்பு எந்த உயரமோ அதே உயரம், அதே வகைக் கருங்கல். அந்தக் கட்டுப்பாடு இங்கே யாருக்கு இருக்கிறது? ரிப்பனின் கடிகாரக் கோபுரம் 43 மீட்டர். அது வானத்தில் தனியாகத் தெரிவதுதான் அந்தக் கட்டடத்தின் உயிர். பக்கத்தில் கண்ணாடிச் சுவரோடு இன்னொன்று எழும்பினால் கோபுரம் ஒரு அலங்காரப் பொருளாகிவிடும்.

அஸ்திவாரம்:
அழகு பற்றி நீங்கள் இருவரும் பேசுங்கள். நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன், கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில்.

ரிப்பன் மாளிகை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தேக்கு உத்திரங்களும் கொண்டது. எடை முழுவதையும் சுவரே தாங்குகிறது, உள்ளே கான்கிரீட் சட்டகம் கிடையாது. இப்படிப்பட்ட சுவர் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொடுக்கும். ஒரு பக்கம் மட்டும் திடீரென இறங்கினால்தான் வெடிக்கும். பக்கத்தில் ஆழமாகத் தோண்டி, நிலத்தடி நீரைப் பம்ப் வைத்து இறைத்தால் சுற்றியுள்ள மண் அமுங்கும். சென்ட்ரல் மெட்ரோ வேலை நடந்தபோது ரிப்பனில் விரிசல் விழுந்ததாகச் செய்தி வந்தது நினைவிருக்கும்.

அதனால் என் கேள்வி உயரம் பற்றியது இல்லை, அடித்தளக் கார் நிறுத்தம் உண்டா என்பதுதான். அது இருந்தால் நான் எதிர்ப்பேன். அது இல்லாமல், நிலத்தை அடித்து அதிர வைக்காமல் துளையிட்டு இறக்கும் பைல் (ஆழமான அஸ்திவாரத் தூண்) போட்டு, அதிர்வை அளக்கக் கருவி வைத்து, அளவு மீறினால் வேலையை நிறுத்தும் அதிகாரத்தை ஒப்பந்ததாரர் அல்லாத ஒருவரிடம் கொடுத்தால் கட்டலாம்.

கோத்தன்பர்க்_தமிழன்:
நான் வசிக்கும் ஊரின் கதையைச் சொல்கிறேன், இதற்குப் பொருந்தும். ஸ்வீடனில் உள்ள கோத்தன்பர்க் நகராட்சியின் பழைய மாளிகையை விரிவாக்க ஒரு போட்டி வைத்தார்கள். கட்டடக் கலைஞர் குன்னார் அஸ்ப்லுண்ட் வென்றது 1913இல், ரிப்பன் திறந்த அதே வருடம். கட்டி முடித்தது 1937இல். இடையில் வடிவத்தைப் பலமுறை மாற்றினார். முதலில் பழையதைப் போலவே அலங்காரமாக வரைந்தவர், கடைசியில் எளிய நவீன முகப்பு வைத்தார். ஆனால் பழைய கட்டடத்தின் தளங்களையும் தூண் இடைவெளியையும் பின்பற்றினார். புதிய சன்னல்கள் நடுவில் இல்லாமல் பழைய கட்டடத்தின் பக்கமாக ஒதுங்கி நிற்கும். ஊரில் பெரிய எதிர்ப்பு, பத்திரிகைகளில் திட்டு. இன்று அதைப் பார்க்கவே மாணவர்கள் வருகிறார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் இதில் செய்தி உண்டு. நல்ல விரிவாக்கம் முடியும், ஆனால் அவசரப்பட்டால் முடியாது.

கன்னிமாரா_வாசகி:
எல்லோரும் புதிய கட்டடத்தையே பேசுகிறீர்கள். பழைய மன்றக் கூடத்தில் அப்புறம் என்ன நடக்கும்? யாருமே கேட்கவில்லை.

எழும்பூரில் கன்னிமாரா நூலகத்தைப் பாருங்கள். 1896இல் திறந்த பழைய மண்டபம் எவ்வளவு அழகு! 1970களில் பக்கத்தில் புதிய கட்டடம் வந்தது. வாசகர்களுக்கு அது தேவைதான், நானும் அங்கேதான் படித்தேன். ஆனால் அன்றாட வாசகர் நடமாட்டம் முழுவதும் புதியதற்குப் போனது. பழைய மண்டபம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. மனிதர் நடமாடாத இடத்தில் கூரை ஒழுகினாலும் சொல்ல ஆளில்லை.

நூறு வருடத்துக்கும் மேலாக இந்த நகரத்தின் தீர்மானங்கள் எடுக்கப்பட்ட அறை அது. நாளை அது கோப்பு வைக்கும் அறையாகவோ, வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் கண்காட்சியாகவோ ஆகிவிட்டால், விரிவாக்கம் என்ற பெயரில் நாம் இழந்ததுதான் அதிகம். நிலைக்குழுக் கூட்டங்களும் மேயரின் பொதுமக்கள் குறைகேட்பும் அங்கேயே நடக்கட்டும். இதைத் திட்ட அறிக்கையிலேயே எழுத வேண்டும்.

பெரியமேட்டுக்காரன்:
வாசகி அக்கா சொன்னதை நான் முழு மனதோடு ஏற்கிறேன், என் ஆதரவோடு இந்த நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைகேட்பு அந்தக் கூடத்தில் நடந்தால், இதுவரை மாடிக்கே ஏறாத ஜனங்கள் ஏறுவார்கள். ஆனால் 200 பேர் உட்காரும் கூடம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதுவும் இந்த வளாகத்தில்தான்.

சுண்ணாம்புச்சாந்து:
எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அம்மா மாளிகையின் உட்புறத்தை மாற்றியமைத்து அங்கே கூடம் அமைக்க முடியுமா என்று முதலில் ஆராய வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் தரட்டும்.

2010இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில்) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு வந்தது. 2012இல் சட்டமன்றம் நிறைவேற்றிய பாரம்பரிய ஆணையச் சட்டத்துக்கு ஆணையம் அமைய 2024 ஆகிவிட்டது. இவ்வளவு காத்திருந்து கிடைத்த அமைப்புகள். டெண்டருக்கு முன்பே வரைபடங்களும், கோபுரத்தோடு சேர்த்து வரைந்த உயர ஒப்பீடும், அஸ்திவாரம் கேட்ட மண் ஆய்வும் அவர்கள் பார்வைக்குப் போக வேண்டும், நமக்கும் கிடைக்க வேண்டும். மனு எழுதத் தொடங்கிவிட்டேன். பழைய கூடம் பற்றிய பத்தியை வாசகியே எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

அஸ்திவாரம்:
அதிர்வு, நீர் இறைப்பு பற்றிய பகுதியை நான் எழுதித் தருகிறேன். கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்ற வரியில் மட்டும் என் பெயரைச் சேர்க்காதீர்கள், மண் ஆய்வைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் கையெழுத்துப் போட மாட்டேன்.