உணவுத் தொழில்முனைவுப் பாடம்: 60 மணி நேரத்தில் எதை வைப்பது, எதை வெட்டுவது?

மனையியல் டீச்சர்
திண்டுக்கல் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இருக்கிறேன். இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு உணவுத் தொழில்முனைவு என்று 60 மணி நேரப் பாடம் ஒன்று தயார் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். வரைவைப் பார்த்தால் எனக்கே தூக்கம் வருகிறது. முதல் யூனிட் தொழில்முனைவோர் என்பவர் யார், அடுத்தது அமெரிக்க உளவியலாளர் மெக்கிளெலண்ட் 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடாவில் தொழில் செய்பவர்களுக்கு நடத்திய பயிற்சி, அப்புறம் அரசுத் திட்டங்கள், திட்ட அறிக்கை, கடைசியில் ஊறுகாய், ஜாம் செய்முறை. இதைப் படித்துவிட்டு யாராவது ஒரு பாக்கெட் முறுக்காவது விற்பார்களா? தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள், எதை முன்பே சொல்லித் தந்திருந்தால் உங்களுக்குக் காசு மிச்சமாகியிருக்கும்?

பொடிக்காரன்
மேடம், அடக்கவிலை. வேறு எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். என் கணக்கையே சொல்கிறேன். 100 கிராம் இட்லிப் பொடிக்குச் சாமான் 22 ரூபாய், பவுச்சும் ஸ்டிக்கரும் 5, கேஸ், கரண்ட், அரவை 4, ஆள் கூலி 6, கடைக்குக் கொண்டுபோய்ப் போட 4. ஆக 41. விலை 60 போட்டால் கடைக்காரர் 20 சதவீதம் எடுத்துக்கொண்டு 48 தருவார். பாக்கெட்டுக்கு 7 ரூபாய் லாபம் என்று நானும் முதல் வருடம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பத்தில் ஒன்று தேதி முடிந்து ரிட்டர்ன் வரும் என்பதை எழுதவே இல்லை. பத்துக்குச் செலவு 410, ஒன்பதுக்கு வரவு 432, மிச்சம் 22. அதாவது பாக்கெட்டுக்கு 2 ரூபாய் 20 காசு! இதில் கடைக்காரர் ஒன்றரை மாதம் கடன் வேறு சொல்வார். நிறைய பேர் தங்கள் சொந்தக் கூலியை எழுதாமலேயே லாபம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அரசுத் திட்டத்துக்கு ஒரு நாள் போதும். 2020-ல் வந்த குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது கையில் காசாக வராது, வங்கிக் கடன் கணக்கோடு சேர்ந்தது, நம் பங்கு 10 சதவீதமாவது போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

லேப் கோட்
செய்முறையை வெட்ட வேண்டாம், மாற்றுங்கள். எப்படிச் செய்வது என்பது வீட்டிலேயே தெரியும், எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் தெரியாது. ஊறுகாய் கெடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, பூண்டை எண்ணெயில் போட்டுப் புளிப்பைக் குறைத்து விற்கும்போது அது ஆபத்து. பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால்தான் உயிரையே பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் கிருமி வளராது, ஆகவே ஒரு பிஎச் மீட்டர் வாங்குங்கள். பொடிக்கு ஈரம்தான் எதிரி, எள்ளும் கடலையும் இருந்தால் சிக்கு வாடையும். செமஸ்டர் ஆரம்பத்திலேயே இருபது பாக்கெட் போட்டு வைத்து வாரம் ஒன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், தேதியை நாமாக அடித்துவிட முடியாது என்று புரியும். லேபிளில் எது முன்னே எது பின்னே (எடை அதிகமானது முதலில்), நிலக்கடலை இருந்தால் தனியாகச் சொல்வது, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) உரிம எண், எல்லாம் ஒரே வகுப்பில் முடியும்.

பழைய மாணவி
எங்கள் கல்லூரியிலும் ஸ்டால் போட்டோம். ஒரே நாளில் எல்லாம் விற்றுவிட்டது, வாங்கியது முழுக்க எங்கள் வகுப்புத் தோழிகளும் பாவம் பார்த்த டீச்சர்களும். வெளியே ஒரு மளிகைக் கடையில் இரண்டாவது தடவையும் வாங்குகிறார்களா என்று பார்க்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும்.

மனையியல் டீச்சர்
நன்றி. காக்கிநாடாவுக்கு அரை மணி நேரம்தான் இனி. நாலு பேருக்கு ஒரு பொருள், உரிமம் எடுத்து இரண்டு கடையில் விற்பது, மதிப்பெண்ணில் பாதி கணக்கு நோட்டுக்கு. ஆனால் ரிட்டர்ன் நஷ்டம் யார் தலையில், துறையா பிள்ளைகளா?

பொடிக்காரன்
பிள்ளைகள் நோட்டில்தான் எழுத வேண்டும். ஆனால் முதல் 2000 ரூபாயைத் துறை தாங்கட்டும், இல்லையென்றால் வீட்டில் விடமாட்டார்கள்.