ஏற்காட்டில் தலைமைப் பயிற்சி: குழு அமர்வை நடத்த இருவர் தேவை

வணக்கம். மனநல மருத்துவ சீனியர் ரெசிடென்ட் (மேற்படிப்பு முடித்துப் பணிபுரியும் மருத்துவர்), மூன்றாம் ஆண்டு பிஜி (முதுநிலை மாணவர்) என 20 பேருக்கு ஏற்காட்டில் இரண்டு நாள் பயிற்சி திட்டமிடுகிறோம். அமெரிக்காவில் சீஃப் ரெசிடென்ட் என்கிறார்களே, அந்த வேலைக்கு: டூட்டி ரோஸ்டர் (யாருக்கு எப்போது பணி என்ற பட்டியல்) போடுவது, ஜூனியருக்கும் பேராசிரியருக்கும் நடுவில் மத்தளமாக இடி வாங்குவது.

பவர்பாயிண்ட் கிடையாது. 1957-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில், குழுக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராயும் டாவிஸ்டாக் நிறுவனம் தொடங்கிய முறையை ஒட்டியது. குழுவுக்குப் பத்துப் பேர், வட்டமாக நாற்காலி, மேசை இல்லை, 90 நிமிடம், பேச்சுக்குத் தலைப்பும் இல்லை. யார் தலைமையை எடுக்கிறார், குழு யாரை ஓரங்கட்டுகிறது என்பதே பாடம். அமர்வை நடத்துபவர் குழுவின் போக்கைத்தான் சொல்ல வேண்டும். தனி ஆளைக் கிளறினால் அது சிகிச்சையாகிவிடும். அதற்கு யாரும் சம்மதித்து வரவில்லை. இரண்டாம் நாள் மதியம் முழுக்க, இதை வார்டில் எப்படிப் பயன்படுத்துவது என்ற பேச்சு. அதை விட்டால் குழப்பத்தோடு மலையிறங்குவார்கள்.

இம்முறையில் பழக்கமுள்ள இருவர் வேண்டும். மார்க் போடும் பேராசிரியர் வேண்டவே வேண்டாம், அவர் முன்னால் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். சத்தம் வெளியே கேட்காத இரண்டு அறைகள் எங்கே கிடைக்கும்? ரோஸ்டர் சண்டையை வைத்துத் தமிழில் ரோல்ப்ளே எழுதியவர்கள் அனுப்பினால் பேருதவி. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதால் முதல் அமர்வு 11 மணிக்கு.