புருஷன் கொடுமைக்கு அகதி அந்தஸ்து கிடைக்குமா?

கேள்வி: 1951 அகதிகள் ஒப்பந்தத்துல இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, சமூகக் குழுன்னு அஞ்சு காரணம்தான் இருக்கு, பாலினமே இல்லையே, அப்போ புருஷன் அடிச்சு விரட்டுன பொண்ணு அசைலம் (வேற நாட்டுல அடைக்கலம்) கேட்டா கிடைக்குமா?

பதில் 1: சமூகக் குழுங்கிறதுலதான் வழி இருக்குங்க, பெண்களையும் அப்படி ஒரு குழுவா எடுத்துக்கலாம். 1999ல பிரிட்டன் பிரபுக்கள் சபை (அப்போ அதுதான் அங்க உச்ச நீதிமன்றம் மாதிரி), நடத்தை சரியில்லன்னு பழி சுமத்தப்பட்ட ரெண்டு பாகிஸ்தான் பெண்கள் கேஸ்ல அப்படித்தான் தீர்ப்பு சொல்லுச்சு. ஆனா அடி வாங்குனது மட்டும் போதாது, அங்க அரசாங்கம் காப்பாத்தாதுன்னும் காட்டணும், அதான் கஷ்டம்.

பதில் 2: ஆப்கன் பெண்கள்னா 2024 அக்டோபர்ல ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஆஸ்திரியா கேஸ்ல, அகதி அந்தஸ்து கொடுக்க பாலினமும் தேசியமும் பார்த்தாலே போதும்னு சொல்லிருச்சு. ரொம்ப லேட், ஆனாலும் சந்தோஷம்.

பதில் 3: அசைலம் இன்டர்வியூக்கு பெண் அதிகாரி, பெண் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு முன்னாடியே கேக்கச் சொல்லுங்க. ஆம்பள முன்னாடி அதையெல்லாம் எப்படி வாய் தொறந்து சொல்வாங்க?