14 வயசு பொண்ணு, 11 வயசு பையன்: இன்னும் சத்தமா வாசிச்சுக் காட்டலாமா?

தூங்காதவாசகி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல பசங்க சின்னதா இருந்தப்பலேர்ந்தே ராத்திரி புக் வாசிச்சுக் காட்டறது பழக்கம், பாதி நாள் நான், பாதி நாள் அவர். இப்ப பெரியவளுக்கு 14, சின்னவனுக்கு 11. கொஞ்ச நாளா பெரியவ 'நான் என்ன பாப்பாவா, எனக்கே படிக்கத் தெரியும்'னு சொல்லிட்டு ரூமுக்குப் போயிடறா. சரி நிறுத்திடலாம்னா சின்னவன் விட மாட்டேங்கறான். அவனுக்கு வாசிக்க ஆரம்பிச்சா இவ கதவை லேசா திறந்து வச்சுக்கிட்டு கேக்கறாளோன்னு எனக்கு ஒரு டவுட், கேட்டா இல்லவே இல்லைங்கறா.

இந்த வயசுக்கு மேல வாசிச்சுக் காட்டறதுல ஏதாவது பிரயோஜனம் இருக்கா, இல்ல எனக்கு விட மனசில்லாம இழுத்துக்கிட்டு இருக்கேனா? அப்படியே தொடர்ந்தா யாரோட வயசுக்கு புக் எடுக்கறது? இன்னொண்ணு, போன தடவை ஒரு கதையில திடீர்னு லவ் சீன் வந்துடுச்சு, நானும் அவரும் மூஞ்சைப் பாத்துக்கிட்டோம், அந்த மாதிரி நேரத்துல நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

கறார்கந்தன்:

விட்ருங்க சிஸ். 14ல தனியா இருக்கணும்னு தோணறது நார்மல். அதான் தானா படிக்கறாளே, அப்புறம் என்ன. குடும்பமா சேர்ந்து பண்ணணும்னு நாம ஆசைப்படறதையெல்லாம் பசங்க மேல ஏத்தக் கூடாதுங்கறது என் கருத்து. சின்னவனுக்கு மட்டும் வாசிங்க.

நாலாம்பக்கம்:

நான் நிறுத்தாதீங்கன்னுதான் சொல்வேன். எங்க வீட்ல 16, 13, இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஆனா சின்ன வயசு செட்டப்பை அப்படியே வச்சிருந்தா ஓடாது. பக்கத்துல படுத்துக்கிட்டு போர்வைக்குள்ள கதை கேக்கறதுதான் அவங்களுக்கு கூச்சமா இருக்கு, கதை இல்ல. நாங்க ஹாலுக்கு மாத்திட்டோம், கையில ஏதாவது வச்சு நோண்டிக்கிட்டே கேக்கலாம்னு சொல்லிட்டோம், பெரியவன் க்யூப் சுத்திக்கிட்டே இருப்பான், சின்னவ வரைவா, யாராவது துணி மடிச்சா எனக்கு இன்னும் சந்தோஷம் :) வாசிக்கறவங்க மூஞ்சையே பாத்துக்கிட்டு உக்காரணும்னு இல்லாதப்போ அந்த வயசுப் பசங்க நல்லாவே காது குடுக்கறாங்க. போன் மட்டும் கூடாது, அது வாசிக்கறவருக்கும் சேர்த்துதான்.

எந்த புக்குங்கறதை நீங்க மட்டும் முடிவு பண்ணாதீங்க. க்யூபா நாட்டுல சுருட்டு ஃபேக்டரியில தொழிலாளிங்க வேலை பாக்கறப்போ ஒருத்தர் மேடையில உக்காந்து பேப்பரும் நாவலும் வாசிக்கற பழக்கம் 1865ல ஹவானால ஆரம்பிச்சுது, வாசிக்கறவருக்கு சம்பளத்தை தொழிலாளிங்களே கைக்காசு போட்டுக் குடுத்தாங்க, எந்த நாவல்னு அவங்களே ஓட்டுப் போட்டாங்க. பிடிச்சிருந்தா இலை வெட்டற கத்தியால மேஜையைத் தட்டுவாங்களாம். வளர்ந்த ஆம்பளைங்க பொம்பளைங்க காசு குடுத்துக் கேட்ட விஷயம் இது, பாப்பாத்தனம்னு யாரு சொன்னா? இதை உங்க பொண்ணுகிட்ட சொல்லிப் பாருங்க. எங்க வீட்லயும் ஓட்டுதான். நாலஞ்சு அத்தியாயம் பாத்து மொக்கையா இருந்தா மெஜாரிட்டி வச்சு தூக்கிப் போட்டுடலாம், நான் ஆசையா எடுத்துட்டு வந்த ரெண்டு புக்கு அப்படித்தான் போச்சு, வயித்தெரிச்சல்தான், என்ன பண்றது.

அத்தியாயம் முடிஞ்சதும் 'என்ன புரிஞ்சுது, இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட'ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அன்னிக்கே உங்க கதை முடிஞ்சுது.

லவ் சீன் வந்தா அதே குரல்ல அதே வேகத்துல வாசிச்சுட்டுப் போயிடுங்க. நாம தொண்டையைக் கனைச்சாதான் அவங்க நெளிவாங்க. ரெண்டு அத்தியாயம் முன்னாடியே ஒரு தடவை கண்ணு ஓட்டி வச்சுக்கிட்டா இந்த மாதிரி மாட்டிக்க மாட்டீங்க, எங்க நிறுத்தினா 'ஐயோ அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கத்துவாங்கங்கறதும் தெரிஞ்சிடும்.

சாக்பீஸ்டீச்சர்:

பிரயோஜனம் இருக்கான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு மட்டும் சொல்றேன். பசங்க காதால கேட்டுப் புரிஞ்சுக்கற லெவல், கண்ணால படிச்சுப் புரிஞ்சுக்கற லெவலைவிட ரொம்ப வருஷம் மேலயே இருக்கும், ரெண்டும் ஒண்ணு சேர்றது சுமாரா 8ஆம் கிளாஸ் வாக்குலதான்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. அதனால பெரியவ லெவலுக்கே புக் எடுங்க, சின்னவன் படிக்கத் திணறுற புக்கையும் கேட்டா பிடிச்சுக்குவான். கீழ இறக்கினீங்கன்னா அவ திரும்ப ரூமுக்குப் போயிடுவா.

அப்புறம் வார்த்தை. 1988ல இங்கிலீஷ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, காலேஜ் படிச்ச பெரியவங்க தங்களுக்குள்ள பேசிக்கறப்போ ஆயிரம் வார்த்தைக்கு 17 போலதான் அபூர்வமான வார்த்தை வருது, குழந்தைங்க புக்லயே அது 31 கிட்ட இருக்கு. நாம வீட்ல எவ்வளவு பேசினாலும் புக்ல இருக்கற வார்த்தை வாயில வராது. தமிழ்ல இது இன்னும் ஜாஸ்தின்னு எனக்குத் தோணும், ஏன்னா பேசற தமிழ் வேற எழுதற தமிழ் வேற, வீட்ல சரளமா பேசற பசங்க கூட ஒரு பக்கம் படிக்கச் சொன்னா எழுத்துக் கூட்டுவாங்க, வாக்கியம் முடியறதுக்குள்ள ஆரம்பம் மறந்திடும். அதையே ஏத்த இறக்கத்தோட வாசிச்சுக் காட்டினா அந்த வாக்கியம் எங்க மூச்சு விடுதுன்னு காதுக்குப் பழகிடும்.

அமெரிக்கால 1985ல வாசிப்பு பத்தி ஒரு கமிஷன் ரிப்போர்ட் போட்டாங்க, அதுலயும் வாசிச்சுக் காட்டறதை சின்ன கிளாஸோட நிறுத்தக் கூடாது, மேல் வகுப்புகள்லயும் தொடரணும்னுதான் இருக்கு. படிக்கறதுல சிரமம் இருக்கற பசங்க, டிஸ்லெக்ஸியா மாதிரி, அவங்களுக்கு வயசுக்கேத்த கதை கிடைக்க இதைவிட நல்ல வழி கம்மி.

நடுவுல அவங்களை வாசிக்கச் சொன்னீங்கன்னா ல ள ழ திருத்தாதீங்க ப்ளீஸ். அது என் வேலை :)

மாடிப்படி:

கேட்ட சைடுலேர்ந்து ஒருத்தி. எனக்கு இப்ப 20, எங்கப்பா எனக்கு 17 வரைக்கும் வாசிச்சார். சூப்பரா வாசிப்பார்னு நினைச்சுக்காதீங்க, எல்லா கேரக்டருக்கும் ஒரே குரல்தான், திக்குவார், நீளமா வர்ணனை வந்தா 'இதெல்லாம் மரம் செடி, விடு'ன்னு தாண்டிடுவார். நானும் உங்க பொண்ணு மாதிரி வேணாம்னு சொல்லியிருக்கேன். ஆனா கதவைத் திறந்து வச்சிருந்தா அவ கேக்கறா ஆன்ட்டி, நிச்சயமா கேக்கறா, தயவுசெஞ்சு அதைக் கண்டுபிடிச்சதா காட்டிக்காதீங்க, கொஞ்சம் சத்தமா வாசிங்க போதும்.

ஒரு கதையில பையன் ஃப்ரெண்டைக் காப்பாத்த பொய் சொல்வான். அப்பா அங்க நிறுத்தி 'நானா இருந்தா பயத்துல உண்மையைச் சொல்லிருப்பேன்'னு சொன்னார், எனக்குக் கோவம் வந்துடுச்சு, துரோகம்னு கத்தினேன், அவர் திருப்பிக் கத்தினார், புக்கு அப்படியே கிடந்தது. என் ஃப்ரெண்ட்ஸ் பத்தி நேரா கேட்டிருந்தா நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கதையில வர்றவனைப் பத்தின்னா எவ்வளவு வேணா பேசலாம், யாரும் மாட்டிக்க மாட்டோம்ல.

கறார்கந்தன்:

டீச்சர் சொன்னது யோசிக்க வைக்குது. ஆனா அதுக்கு ஆடியோபுக் போட்டு விட்டா போதாதா? வாசிக்கறவர் ப்ரொஃபஷனல், நம்ம தொண்டையும் மிச்சம்.

நாலாம்பக்கம்:

போடலாம், நாங்களும் நீளமா கார்ல போறப்போ போடுவோம். எல்லாரும் ஒரே ஸ்பீக்கர்ல கேட்டா சரி, ஆளுக்கொரு ஹெட்போன்னா அது வேற விஷயம். ஆனா மாடிப்படி அப்பா மாதிரி அது நடுவுல நிறுத்தி உங்ககூட சண்டை போடாதே.

தூங்காதவாசகி:

எல்லாருக்கும் தேங்க்ஸ். பெரியவகிட்ட மூணு புக்கு பேரைக் குடுத்து நீயே ஒண்ணு சொல்லுன்னேன், 'எனக்கென்ன'ன்னா, அப்புறம் மூணுமே வேஸ்ட்னு அவளா ஒரு த்ரில்லரைத் தூக்கிப் போட்டா, கொஞ்சம் ரத்தம் ஜாஸ்தி, சின்னவனுக்கு ஏகக் குஷி. ஹால்ல சோஃபா பின்னாடி உக்காந்துக்கிட்டு போறா வர்றா, நான் ஒண்ணும் கண்டுக்கல. ஒரு பிரச்சனை என்னன்னா இவருக்கு ஷிஃப்ட் மாறிடுச்சு, வாரத்துல பாதி நாள் ராத்திரி வீட்ல இல்ல, அவர் இல்லாம கதை நகர்ந்துட்டா கோச்சுக்கறார், நிறுத்தி வச்சா பசங்க கோச்சுக்கறாங்க.

சாக்பீஸ்டீச்சர்:

அவர் இல்லாத நாளுக்கு சிறுகதை வச்சுக்கோங்க, ஒரே உக்கார்ல முடிஞ்சிடும், த்ரில்லர் அவர் இருக்கற அன்னிக்கு மட்டும்.

கறார்கந்தன்:

இல்லன்னா அவரையே ஒரு அத்தியாயம் போன்ல வாய்ஸ் ரெகார்ட் பண்ணி அனுப்பச் சொல்லுங்க, பிரேக் டைம்ல பண்ணிடலாம். அதை நீங்க ஹால்ல போட்டு விட்ருங்க, கதையும் நகரும் அவரும் கோச்சுக்க மாட்டார். அதுக்குள்ள உங்க பொண்ணு மிச்சப் பக்கத்தைத் திருட்டுத்தனமா படிச்சு முடிச்சிருப்பா, அதுக்கு என்கிட்ட ஐடியா இல்ல.